பப் போய் சூப்பர் மார்க்கெட் வந்தது: ஊரை யார் கேட்டார்கள்?

இங்கிலாந்தில் 2017 மே 23ஆம் தேதி வரை, ஒரு பப்பை வாங்கிச் சூப்பர் மார்க்கெட்டாக மாற்றுகிறவர் அந்த மாற்றத்துக்கென்று பொதுவாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டின் பின்பக்கம் பெரிதாக இரண்டு அறை இழுத்துக் கட்ட நினைக்கும் குடும்பம் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட வேண்டும். வரைபடம் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு போகும். அவர்கள் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால், கால்பந்துக் குழுவின் கூட்டமும் வாராந்திர வினாடி வினாவும் நடந்த கட்டடத்துக்கு, துக்க வீட்டார் கல்லறையிலிருந்து நேரே வந்து உட்கார்ந்த கட்டடத்துக்கு, ஓர் அறிவிப்புத் தாள்கூட ஒட்டப்படவில்லை. சட்டத்தின் பார்வையில் பப் கடையாவது கேட்காமலே செய்யத்தக்க மாற்றம். சுற்றிலும் பலகை அடைத்த பிறகுதான் தெருவுக்கே சேதி தெரியும்.

இந்த விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. 1987இல் கட்டடங்களின் பயன்பாடுகளை வகை பிரித்தார்கள். 1995இல் எந்த வகை எந்த வகையாக அனுமதியின்றி மாறலாம் என்ற ஆணை வந்தது. பப் என்றால் இரவில் சத்தம், குடித்தவர்களின் கூச்சல். கடை என்றால் அமைதி. சத்தமான இடம் சாதுவான இடமாக மாறுவதை ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கணக்கில் எடுத்தார்கள். அதே பக்கத்து வீட்டுக்காரர் மாலை ஆறு மணிக்கு எங்கே போய் உட்காருவார் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

விதி நடைமுறையில் என்ன செய்தது என்று பார்க்கக் கவுன்சிலின் திட்டக் குழுக் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். பப் கடையாவதற்கு அனுமதி வேண்டாம். ஆனால், கடைக்குக் குளிர்பதனப் பெட்டிகள் வேண்டும்; அவற்றின் கம்ப்ரசர்களைப் பின்சுவரில் பொருத்த அனுமதி வேண்டும். முகப்பை உடைத்துத் தானியங்கிக் கதவு வைக்க அனுமதி வேண்டும். சுவரில் ஏடிஎம் பதிக்க வேண்டும். ஒளிரும் பெயர்ப்பலகைக்குத் தனி ஒப்புதல் வேண்டும். ஆகவே விண்ணப்பங்கள் வரும், மூன்றோ நான்கோ, தனித்தனியாக. பப்பைக் காப்பாற்றத் திரண்ட ஊர் அந்த விண்ணப்பங்களைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். கட்டுக் கட்டாகக் கையெழுத்து மனுக்களோடு வந்து உட்காருவார்கள். குழுத் தலைவர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார்: பப் மூடப்படுவது இன்றைய பொருள் அல்ல, இயந்திரத்தின் இரைச்சல், பலகையின் வெளிச்சம், இவற்றைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மனைவி இறந்த பிறகு நாலு வார்த்தை பேச எனக்கு இருக்கும் ஒரே இடம் அதுதான் என்று சொல்ல வந்திருக்கும் பெரியவர், கம்ப்ரசரின் டெசிபல் அளவைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதற்கும் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கவுன்சிலர்களில் பாதிப் பேர் அதே பப்பில் அவரோடு உட்கார்ந்து குடித்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் மனசு கேட்காது. ஆனால் கை கட்டப்பட்டிருக்கும். வேறு காரணம் சொல்லி நிராகரித்தால் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகும். செலவு கவுன்சிலின் தலையில் விழும். கடைசியில் ஊருக்குக் கிடைக்கும் வெற்றி என்ன? கம்ப்ரசரைச் சுற்றி ஒரு தடுப்பு. காலை ஏழு மணிக்கு முன்னால் லாரி வரக் கூடாது என்ற ஒரு நிபந்தனை. ஜனநாயக நாட்டில் மக்களை இப்படிப் பேசவைப்பது அவர்களைப் பேசவிடாமல் இருப்பதைவிட எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

மது விற்பனை உரிமம் வாங்கும் இடத்திலும் இதே கதைதான். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நான்கே காரணங்களை ஏற்கிறது: குற்றத் தடுப்பு, பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல். இந்தத் தெருவில் ஏற்கெனவே நாலு கடை இருக்கிறது, ஐந்தாவது எதற்கு என்ற கேள்வி அந்த நான்கில் எதிலும் அடங்காது.

சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களுக்குப் பப் கட்டடங்கள் மேல் ஏன் இவ்வளவு ஆசை வந்தது? முச்சந்தியில் நிற்கும் கட்டடம். பக்கத்திலேயே கார் நிறுத்தும் இடம். பீர் பீப்பாய் இறக்குவதற்கென்றே லாரி வந்து நின்று பழகிய பக்கவாட்டுப் பாதை. இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. 1994ஆம் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமை வணிகச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். அதற்குள் அடங்கும் கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஊருக்கு வெளியே பிரம்மாண்டமான கடைகளைக் கட்டிச் சலித்திருந்த நிறுவனங்கள், தெருமுனையில் சின்னக் கடை என்ற பக்கம் திரும்பியபோது, அந்த அளவுக்குச் சட்டை தைத்ததுபோலப் பப்கள் நின்றிருந்தன. புதிதாக நிலம் வாங்கிக் கட்டினால் அனுமதிக்கு அலைய வேண்டும். பப்பை வாங்கினால் அலைச்சல் மிச்சம்.

1971இல் தொடங்கப்பட்டு இன்றுவரை பப்களுக்காகப் போராடிவரும் காம்ரா அமைப்பு 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட பப்கள் சூப்பர் மார்க்கெட்டாகியிருந்தன. வாரத்துக்கு இரண்டு என்ற வேகம். தென் லண்டனில் பிரிக்ஸ்டன் ஹில் சாலையில் இருந்த நான்காம் ஜார்ஜ் என்ற பப், வட்டாரத்தார் எவ்வளவோ எதிர்த்தும் டெஸ்கோ கடையானது. இது பெயர் தெரிந்த ஒன்று. பெயர் வெளியே வராமலே போனவை பல.

விற்றவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பப் நடத்துகிறவர் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் அல்ல. ஒரு காலத்தில் பீர் ஆலைகளே பப்களை வைத்திருந்தன. இந்தப் பிடியைத் தளர்த்த 1989இல் அரசு ஓர் ஆணை போட்டது: 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், அந்த எண்ணிக்கையைத் தாண்டியவற்றில் பாதியை விற்க வேண்டும், அல்லது தங்கள் சரக்கை மட்டுமே விற்க வேண்டும் என்ற கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆலைகள் விற்றன. வாங்கியவர்கள் யாரென்றால், என்டர்பிரைஸ், பஞ்ச் போன்ற பப் நிறுவனங்கள். பீர் காய்ச்சாதவர்கள், கட்டடத்தை மட்டும் வைத்திருப்பவர்கள். கடன் வாங்கிக் கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் பப்களைச் சேர்த்தார்கள். குத்தகைக்கு எடுத்தவர் அவர்களுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும். வெளிச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அதே பீரை அவர்களிடமே கூடுதல் விலைக்கு வாங்கவும் வேண்டும். 2008இன் நிதி நெருக்கடி வந்தபோது கடன் கழுத்தை நெரித்தது. உடனே பணமாக்கக்கூடியதாக அவர்கள் கையில் இருந்தது கட்டடங்கள்தான்.

2013 நவம்பரில் நியூரிவர் என்ற கடைச் சொத்து நிறுவனம் மார்ஸ்டன்ஸ் பீர் ஆலையிடமிருந்து 202 பப்களை ஒரே வீச்சில் 9 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அவற்றில் பலவற்றைச் சிறு கடைகளாக்கித் தருவதற்குக் கோ-ஆப் சங்கிலியோடு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டது. 202 இடங்களில் 202 வேறு வேறு ஊர்கள் இருந்தன. கையெழுத்தான மேசையில் அவற்றில் ஓர் ஊர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

யாரும் போகாததால்தானே பப் மூடுகிறது என்பார்கள். இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இருபது ஆண்டுகளில் அவற்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை போய்விட்டன. 2007 ஜூலையில் இங்கிலாந்தில் புகைத் தடை வந்தது. 2008இலிருந்து ஐந்தாண்டுகள் பீர் மீதான வரி பணவீக்கத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. இளைஞர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள், அது நல்லதும்கூட. குடிக்காத மக்கள் பெருகிவிட்ட வட்டாரங்களில் பப் காலியாகத்தான் கிடக்கும்; அங்கே அது கடையாகவோ தொழுகைக் கூடமாகவோ மாறினால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால், ஆள் வராத பப் வேறு, வாடகை கட்ட முடியாத பப் வேறு. வெள்ளிக்கிழமை இரவு நிற்க இடமில்லாத பப்பைக்கூட வாடகையும் பீர் விலையும் சேர்ந்து மூழ்கடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மூடிய கதவுதான். எந்தப் பப் எந்த வகை என்று விசாரிக்கத்தான் விண்ணப்பம் என்ற நடைமுறையே இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு தடை இருக்கும் என்று எனக்குத் தெரியும். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்கார்ந்த ஊரிலிருந்து பார்க்கும்போது, சாராயம் விற்கும் இடத்தைக் காப்பாற்ற ஒரு போராட்டமா என்று தோன்றும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பப் போய் சூப்பர் மார்க்கெட் வந்தால் மது போவதில்லை. அதே கட்டடத்தில், அதே கூரைக்குக் கீழே, மலிவாக, நான்கு டின் ஒரு கட்டு, எட்டு டின் ஒரு கட்டு என்று வந்து அடுக்கப்படுகிறது. 2010களின் நடுவில் பிரிட்டனில் பப்களில் விற்கும் பீரைவிடக் கடைகளில் விற்கும் பீர் அதிகமாகிவிட்டது. பப்பில் கவுன்டருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். இன்றைக்கு இது போதும், வீட்டுக்குப் போ என்று பெயர் சொல்லி அனுப்ப அவருக்கு உரிமை இருக்கிறது. நாலு நாளாக வராதவரை ஏன் காணோம் என்று கேட்கவும் அவர் இருக்கிறார். தானாகவே ஸ்கேன் செய்துகொண்டு போகும் கடையில் வயது சரிபார்ப்பதோடு உறவு முடிந்துவிடுகிறது. மிச்சக் குடி பூட்டிய வீட்டுக்குள் நடக்கிறது. குடியை எதிர்ப்பவர்தான் இந்த மாற்றத்தை முதலில் எதிர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் போராட்டங்களுக்கும் இதற்கும் ஓர் உறவும் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, டாஸ்மாக் கடைகளைக் குடியிருப்புகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் மறித்தார்கள், அடி வாங்கினார்கள். அங்கே கடை வேண்டாம் என்றார்கள், இங்கே பப் வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் எங்கள் தெருவில் எது இருக்க வேண்டும் என்று எங்களை ஏன் கேட்கவில்லை என்ற கோபம் ஒன்றுதான்.

பப்பைப் புனிதப்படுத்தவும் நான் விரும்பவில்லை. அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. லண்டன் ஃப்ளீட் தெருவின் எல் வினோ மதுக்கூடத்தில் பெண்கள் கவுன்டரில் நின்று குடிக்கக் கூடாது என்ற விதியை உடைக்க 1982இல் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில் கறுப்பரையும் ஆசியரையும் ஒதுக்கிவைத்த பப்கள் இருந்தன. அதை நேரில் பார்க்க 1965 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்தார். ஒரு சில நாட்களில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வட்டாரத்தில் பின்னாளில் பஞ்சாபிகளே பப்களை எடுத்து நடத்தினார்கள். பீரும் தந்தூரி வறுவலும் ஒரே மேசைக்கு வந்தன. பழைய ஆங்கிலேய வாடிக்கையாளர்களும் அங்கேயே தொடர்ந்தார்கள். நம்மவர்களும் வந்துவிட்டார்கள். 2022இல் வட லண்டன் பார்ன்ஸ்பரியில் ஒரு பப்பை எடுத்து, பிரின்ஸ் துரைராஜ் என்ற சமையற்கலைஞரும் அவருடைய கூட்டாளி கிளென் லீசனும் தமிழ் பிரின்ஸ் என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். கட்டடம் பப்பாக இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. சங்கிலிக் கடை ஆகிவிட்ட இடத்தில் அடுத்த தலைமுறைக்கு இந்த வாய்ப்பு கிடையாது.

சங்கிலிக் கடை வரும்போது அடிபடும் இன்னொருவரைப் பற்றி யாரும் மனு எழுதுவதில்லை. லண்டனில் தெருமுனைக் கடை நடத்துபவர்களில் ஈழத் தமிழர்கள் பலர். தென்கிழக்கு லண்டனில் அப்படி ஒரு கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம், எதிரே இருந்த பப் சூப்பர் மார்க்கெட்டானதைப் பற்றிக் கேட்டேன். அவர் குடிப்பதில்லை, அந்தப் பப்புக்குள் ஒரு நாளும் போனதில்லை. “பப் இருக்கேக்கை பதினொரு மணிக்கு வெளியில வாறவன் எங்கட கடையில பாலும் பாணும் வாங்கிக்கொண்டுதான் போவான். இப்ப எல்லாம் அங்கையே வாங்கிறான். அவங்கள் விக்கிற விலைக்கு நான் கொள்முதலே செய்யேலாது” என்றார். மனுவில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டேன். “ஆரும் கொண்டு வரேல்லை. கொண்டு வந்திருந்தாப் போட்டிருப்பன்.” காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து, இரவு பதினொன்று தாண்டி மூடி, அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டுச் சாவியையும் ஒரு தடவையாவது வாங்கி வைத்துக் கொடுத்தவர் அவர். பப்பைக் காப்பாற்றக் கூடுகிறவர்கள் இந்தக் கதவையும் தட்ட வேண்டும். ஊர் என்று சொல்லும்போது அவரும் அதில் அடங்க வேண்டும்.

விதி மாறியதற்குக் காரணம் அரசின் கருணை அல்ல. தென் லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப் 2012இல் விற்பனைக்குப் போய், நடத்தியவர்கள் சில நாட்களில் வெளியேற வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. 1930களின் மரவேலைப்பாடு கலையாமல் இருந்த கட்டடம் அது. எழுபதுகளில் இசைக் குழுக்கள் வாசித்த மேடையும் அங்கே இருந்தது. அந்த வட்டாரத்தார் ஓடியாடி அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கவைத்தார்கள். 2011இன் உள்ளாட்சிச் சட்டம் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று ஒரு பட்டியலை உருவாக்கியிருந்தது. அதில் உள்ள சொத்தை விற்க முனைந்தால், ஊர் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும். அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பப் ஐவி ஹவுஸ். 371 பேர் பங்கு வாங்கினார்கள். மீதிக்குக் கடனும் மானியமும். 2013 ஆகஸ்டில் கதவு திறந்தது.

அது ஒரு பப். மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் பெயர் சேர்க்கத் தொடங்கின. ஆனாலும் பட்டியலில் இருந்த பப்பையும் அனுமதி கேட்காமல் கடையாக்கலாம் என்ற ஓட்டை அப்படியே இருந்தது. எம்.பி.க்கள் நச்சரித்து, 2015 ஏப்ரலில் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. தென்மேற்கு லண்டனின் வான்ட்ஸ்வர்த் கவுன்சில் 2016இல் தன் எல்லைக்குள் 120 பப்களுக்கு மொத்தமாகத் தனி ஆணை போட்டுக் காவல் வைத்தது. 2017இல் பிரபுக்கள் அவையில் சதர்க்கின் கென்னடி பிரபு கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அரசு இறங்கிவந்தது. அந்த ஆண்டு மே 23 முதல் இங்கிலாந்தில் எந்தப் பப்பைக் கடையாக்கவும் இடிக்கவும் விண்ணப்பம் வேண்டும். ஊர் அந்தப் பப்பைப் பற்றியே பேசலாம்.

இதனால் சூப்பர் மார்க்கெட்டே வராமல் போய்விடவில்லை. நல்ல காரணம் காட்டினால் அனுமதி கிடைக்கிறது. பால் வாங்க இரண்டு பஸ் மாறிப் போகும் மூதாட்டிக்குத் தெருமுனையில் கடை வருவது பெரிய உதவி. அதை நான் மறுக்க மாட்டேன். சில கிராமங்களில் பப்புக்குள்ளேயே ஒரு மூலையில் மளிகைக் கடையும் அஞ்சலகமும் நடக்கின்றன. அன்றைய இளவரசர் சார்லஸின் முயற்சியால் 2001இல் தொடங்கிய ஓர் அமைப்பு இதற்கென்றே பப்காரர்களுக்கு வழிகாட்டுகிறது. இரண்டில் ஒன்றுதான் என்று ஊரிடம் சொன்னவர்கள் இதைச் சொல்லவே இல்லை.

இன்று உரிமையாளர்களின் வழி மாறியிருக்கிறது. பப்பை மூடிப் பலகை அடித்து, மழை ஒழுகவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு கழித்து, இனி இது பிழைக்காது என்று அறிக்கையோடு வருகிறார்கள். 2021இன் லண்டன் திட்டம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: குறைந்தது 24 மாதமாவது பப்பாகவே, நியாயமான விலைக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ முயன்றதற்குச் சான்று வேண்டும். இது நாடு முழுவதும் விதியாக வேண்டும். சமூகச் சொத்துப் பட்டியலில் பெயர் ஐந்து ஆண்டுதான் நிற்கிறது. புதுப்பிக்க மறந்தால் போயிற்று. அந்தக் காலவரம்பையும் நீக்க வேண்டும்.

2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அதிகாரப் பரவல் மசோதா, இத்தகைய சொத்துகளை முதலில் வாங்கும் உரிமையை ஊருக்குத் தரும் ஏற்பாட்டோடு வந்தது. ஆறு மாத அவகாசத்தைப் பன்னிரண்டாக்கும் பிரிவும் அதில் இருந்தது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் ஊர்கள் பப்பும் கடையும் வாங்க 2021இல் ஏற்படுத்தப்பட்ட 15 கோடி பவுண்டு சமூக உடைமை நிதி 2024 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. நன்ஹெட்டில் பங்கு வாங்கக் கையில் காசுள்ளவர்கள் 371 பேர் கிடைத்தார்கள். சூப்பர் மார்க்கெட்டாகிப் போனவற்றில் பல, போருக்குப் பின் கட்டிய கவுன்சில் குடியிருப்புகளின் நடுவே, பெரிய கார் நிறுத்துமிடத்தோடு நின்ற பப்கள். அங்கே வாரக் கூலிக்காரர்களும் ஓய்வூதியர்களும் வாழ்கிறார்கள். முதல் உரிமையைக் காகிதத்தில் கொடுக்கும் அரசு, புதிதாக ஒதுக்கும் வட்டார நிதியிலிருந்து அவர்களுக்கென்று ஒரு பங்கைப் பிரித்து வைக்க வேண்டும். பன்னிரண்டு மாத அவகாசம் அப்போதுதான் அவர்களுக்கும் பயன்படும்.